அகற்றித் தரப்படும்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அடுப்பை அணைத்துவிட்டீர்களா? கதவைச் சாத்தியாயிற்றா? சரி. இந்த வாரம் நான் சொல்லப்போவது ஒரே ஒரு பகலின் கதை. காலை ஒன்பதுக்குத் தொடங்கி மாலை ஐந்துக்குள் முடிந்துவிடும். ஆனால் அந்த எட்டு மணி நேரத்துக்குள் மூன்று பேர் படுகிற பாடு இருக்கிறதே, கேட்டு முடித்ததும் எழுந்துபோய் உங்கள் வீட்டு வாசற்படியை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவீர்கள்.

போன வாரம் விட்ட இடம் நினைவிருக்கிறதா? இல்லையென்றாலும் பரவாயில்லை, சொல்கிறேன்.

நம் வயர்மேன் எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கடையின் உட்கூரைக்குள் வயர் இழுத்துக்கொண்டிருந்தவர், அந்தக் கூரையோடு சேர்ந்து கீழே வந்தார். உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே தப்பவில்லை. அன்றிலிருந்து ஆஸ்பத்திரி வார்டும் சக்கர நாற்காலியும்தான் அவருக்கு உலகம். அவர் மனைவி தையல்காரி. அவர்கள் குடியிருக்கும் வீடு மூன்றாவது மாடியில். ஐம்பத்திரண்டு படி, லிஃப்ட் கிடையாது.

வார்டு சிஸ்டர் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் சொன்னாள்: "வர்ற வியாழன் விட்டு அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஒரு அட்ரஸ் குடுங்கம்மா. வீல்சேர் வாசல்ல ஏறணும், பாத்ரூம்ல நுழையணும். மறுநாள் காலைல எங்க ஆள் வந்து அளந்து பாப்பார். அட்ரஸ் இல்லன்னா, அவர் பேரைப் பராமரிப்பு இல்லத்து லிஸ்ட்ல போட்டுடுவாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

அந்த இல்லம் இரண்டு ஊர் தள்ளி இருக்கிறது. ஒரு ரயில், அப்புறம் ஒரு பஸ். வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு மணி நேரம் பார்க்கலாம். மனைவி தங்கக் கூடாது. அங்கே போனவர்கள் யாராவது வீடு திரும்பினார்களா என்று தையல்காரி வார்டு முழுக்கக் கேட்டுப் பார்த்துவிட்டாள். பதில் சொல்லவேண்டியவர்கள் எல்லாரும் தலையணை உறையைச் சரிசெய்யப் போய்விட்டார்கள்.

இன்றைக்குத்தான் அந்த வியாழக்கிழமை.

பார்த்த வீடுகள் பதினொன்று. எல்லாம் வயர்மேனின் தங்கை அனுப்பிய வீடுகள். வீட்டில் எல்லாரும் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். வாடகை வீடுகளுக்கு விளம்பரம் எழுதும் ஆபீசில் வேலை. "சக்கர நாற்காலிக்கு ஏற்றது" என்று போட்டிருக்கிற வீடுகளாகத் தேடித் தேடி அண்ணிக்கு அனுப்பினாள். ஒன்றில் வாசலில் மூன்று படி. ஒன்றில் லிஃப்ட் இருந்தது, லிஃப்டுக்குப் போக ஏழு படி. வீட்டுக்காரர்கள் பொய் சொல்கிறார்கள் என்று தையல்காரி நினைத்தாள். "கேட்டுத்தான் அண்ணி போடுவோம், நம்புங்க" என்று சின்னவள் ஒவ்வொரு தடவையும் சொன்னாள்.

பன்னிரண்டாவது வீட்டு வாசலில் காலை ஒன்பது மணிக்கு வேன் நின்றது.

படி இல்லை. நிஜமாகவே இல்லை! தரையும் தெருவும் ஒரே மட்டம். வயர்மேன் தன் கையாலேயே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்குள் போனார். ஜன்னல் வழியாக வெளிச்சம் தரையில் விழுந்திருந்தது. 

வீட்டுக்காரர் மளிகைக் கடை வைத்திருப்பவர். கடையை விட்டு வந்த அவசரம் அவர் முகத்தில் தெரிந்தது.

"பாத்துக்குங்கம்மா. காத்து, வெளிச்சம், தண்ணி, எதுக்கும் குறைச்சல் இல்ல."

"ஏய்," என்றார் வயர்மேன் மனைவியிடம், "இந்த மூலைல உன் மெஷின். வெளிச்சம் இடது பக்கம் விழுது பார், உனக்குத் தோதா இருக்கும்."

எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் எந்த மூலையில் எதை வைப்பது என்று பேசினார். தையல்காரி குளியலறைப் பக்கம் போனாள். அவள் கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். நாற்காலியின் அளவு அவளுக்கு மனப்பாடம். ஒரு சக்கரத்து வெளியோரத்திலிருந்து மறு சக்கரத்து வெளியோரம் வரை இருபத்தைந்து அங்குலம்.

கதவில் நாடாவை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். மூன்றாவது தடவை நாடாவை இழுத்துப் பிடித்தாள், துணி கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும் என்கிற மாதிரி.

இருபத்து மூன்று.

"என்ன ஆச்சு?" என்றார் வயர்மேன்.

"ரெண்டு இஞ்ச்."

"ரெண்டுதானே. தையல் பிரிச்சு விட்டா வந்துடாதா?"

அவர் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்காரரிடம் திரும்பினாள்.

"சார், கதவு நிலையை மட்டும் எடுத்துட்டு ஓரத்துல கொஞ்சம் தட்டிக்கலாமா? நாங்களே ஆள் வச்சுப் பண்ணிக்கிறோம்."

"அந்தப் பேச்சே வேணாம்மா. அந்தச் சுவர்ல கைவச்சா மேல் வீட்டுத் தண்ணிக் குழாய் வரும்."

"அப்புறம் எதுக்கு சார் வீல்சேருக்கு ஏத்ததுன்னு விளம்பரம் குடுத்தீங்க?"

"நானா? நான் எங்கம்மா அப்படிச் சொன்னேன்? ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பொண்ணு போன்ல கேட்டா, படி இருக்கா சார்னு. இல்லன்னேன். அவ்வளவுதான். வீடு காலியாகும்போதெல்லாம் அதையே தேதி மாத்திப் போடறாங்க. என்னைக் கேட்டா? அந்தப் பொண்ணைக் கேளுங்க. நல்ல மரியாதையான பொண்ணு. நம்பர்கூட வச்சிருக்கேன்."

"சொல்லுங்க. கேக்கறேன்."

அவர் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். தையல்காரி ஆத்திரத்தோடு ஒவ்வொன்றாக அமுக்கினாள். கடைசி எண்ணை அமுக்கியதும் அவள் போன் தானாகவே ஒரு பெயரைக் காட்டியது.

சின்னவள்.

நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்களோ தெரியாது. தையல்காரி போனைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். வயர்மேன் நாற்காலியை அருகில் தள்ளிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். 

"சின்ன வயசுலேயே அவ அப்படித்தான்," என்றார். "பரீட்சையில சரியா தப்பான்னு கேட்ட கேள்வியில, தெரியாததுக்கு எல்லாம் சரின்னு போட்டுட்டு வருவா."

"நீங்க அவளுக்குப் பரிஞ்சு பேசாதீங்க."

"பரிஞ்சு எங்க பேசறேன்? அப்பவும் பெயில்தான் ஆனா."

தையல்காரி போனைக் காதில் வைத்தாள்.

"சொல்லுங்க அண்ணி! வீடு எப்படி? படி இல்லல்ல?"

"படி இல்ல."

"அப்பாடா! இப்பத்தான் அண்ணி எனக்கு உயிரே வந்துச்சு."

"பாத்ரூம் கதவு இருபத்திமூணு இஞ்ச்."

சின்னவள் வாயைத் திறக்குமுன் தையல்காரியே கேட்டாள்.

"இந்த விளம்பரத்தை எழுதினது யாரு?"

"எங்க ஆபீஸ்ல யாராவது..."

"உன் நம்பரை இவர் ரெண்டு வருஷமா வச்சிருக்கார்."

"அண்ணி... அது அண்ணன் விழறதுக்கு முன்னாடி எழுதினது அண்ணி."

"ஓஹோ. உங்க அண்ணன் விழறதுக்கு முன்னாடி வீல்சேர்ல யாருமே இந்த உலகத்துல இல்லையாக்கும்?"

"கம்ப்யூட்டர்ல வீல்சேர் வசதி உண்டான்னு கேக்கற கட்டத்துல 'உண்டு'ன்னு போட்டாத்தான் அண்ணி அடுத்த பக்கம் திறக்கும். 'இல்லை'ன்னு போட்டா அஞ்சு வரி காரணம் கேக்கும். ஒரு நாளைக்கு நாப்பது விளம்பரம். எல்லாரும் அப்படித்தான் போடுவோம். படி இல்லன்னா உண்டு. லிஃப்ட் இருந்தா உண்டு. யாரும் நேர்ல போய்ப் பாக்கிறது கிடையாது."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல? பதினோரு வீடு! உங்க அண்ணனை வேன்ல ஏத்தி இறக்கி, ஏத்தி இறக்கி... கேட்டுத்தான் போடுவோம், நம்புங்கன்னியே!"

"வெக்கமா இருந்துச்சு அண்ணி. சொன்னா நீங்க என்ன நினைப்பீங்களோன்னு..."

"இப்ப நினைக்கிறேன் பார், அதைத்தான் அப்பவும் நினைச்சிருப்பேன். ஆனா பதினோரு நாள் மிச்சம் இருந்திருக்கும். வை போனை."

சொல்லிவிட்டுத் தையல்காரி தானே வைத்துவிட்டாள்.

சின்னவளின் ஆபீசில் இருபது பேர் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் பேசுவார்கள். யாருடைய அழுகையும் யாருக்கும் கேட்காது. அதனால் அவள் தாராளமாகவே அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, பக்கத்து மேஜைப் படக்காரர் கம்ப்யூட்டரில் ஒரு குளியலறைப் படத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். வீடுகளின் படங்களைப் பளிச்சென்று ஆக்கிக் கொடுப்பதுதான் அவர் வேலை.

"என்ன பண்றீங்க?" என்றாள் சும்மா.

"சுவத்துல ஒரு கைப்பிடிக் கம்பி இருக்கு பாரு, அதை அழிக்கிறேன். அது இருந்தா ஆஸ்பத்திரி மாதிரி இருக்காம், வீடு போகாதாம்."

சின்னவள் அந்தப் படத்தையே பார்த்தாள். கம்பி இருந்த இடத்தில் இப்போது வெள்ளை ஓடு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பதினோரு நாளாக அவள் தேடியது "ஏற்றது" என்று எழுதிய வீடுகளை. அதெல்லாம் ஏற்காத வீடுகள். நிஜமாகவே ஏற்ற வீடு ஒன்று இருந்திருந்தால், அதை இந்த ஆபீஸ் என்ன செய்திருக்கும்? கம்பியைப் படத்தில் அழித்திருக்கும். சக்கரம் ஏற வாசலில் போட்ட சரிவுப் பாதையைப் பற்றி எழுதியிருக்கும், எடுத்துவிடுகிறோம் என்று.

அவள் தேடும் கட்டத்தில் வேறு இரண்டு வார்த்தைகளை அடித்தாள். அகற்றித் தரப்படும்.

ஏழு விளம்பரங்கள் வந்தன. ஒன்றில் நாய்க்கூண்டு அகற்றித் தரப்படும். ஒன்றில் மொட்டைமாடித் தேனீக்கூடு. ஒன்றில் சுவரில் முன்பு குடியிருந்தவர் வரைந்த புலி. ஏழாவதில் அவள் கை நின்றது.

"இரு அறை, தரைத்தளம். வாசல் சரிவுப் பாதை, குளியலறைக் கைப்பிடிகள் புதுக் குடித்தனம் வருமுன் அகற்றித் தரப்படும்."

ஒன்பது நாளைக்கு முந்தைய விளம்பரம். எழுதியவர் பெயர் இருக்கும் இடத்தில் அவள் பெயர்.

பல் டாக்டர் ஒருவரின் வீடு. அவர் போனில் கேட்டது இப்போது ஒவ்வொரு சொல்லாக நினைவுக்கு வந்தது. "என் மனைவிக்காகப் போட்டதும்மா. அவங்க போயிட்டாங்க. அது இருக்கிறது இருக்கட்டுமா?" அதற்கு இவள் சொன்னது: "எடுத்துடுங்க சார். அது இருந்தா யாரும் வரமாட்டாங்க. எடுத்துடறோம்னு எழுதிடறேன், சீக்கிரம் போயிடும்."

அண்ணன் விழுவதற்கு முன்னால் என்ற சாக்குகூட இதற்குக் கிடையாது. அண்ணன் வார்டில் கிடந்தபோதுதான் இதை எழுதினாள். வாய் அவரிடம் பேசிக்கொண்டிருந்தது, கை அடித்துக்கொண்டிருந்தது, மனசு அண்ணனுக்கு எங்கே வீடு கிடைக்கும் என்று அலைந்துகொண்டிருந்தது. வீடு அவள் கைக்குள்ளேயே வந்து போயிருக்கிறது.

டாக்டருக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. ஆறு தடவை செய்தாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க போறே? இன்னும் முப்பத்தொரு விளம்பரம் இருக்கு!" என்று மேலாளர் கூவினார்.

"காரணம் அஞ்சு வரியில எழுதி அனுப்பறேன் சார்," என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினாள்.

பல் டாக்டரின் கிளினிக்கில் ஒருவர் வாயைத் திறந்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்தார். டாக்டர் அவர் வாய்க்குள் குனிந்திருந்தார். சின்னவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"வெளியில உக்காருங்கம்மா. எந்தப் பல்லு?"

"பல்லு இல்ல சார், வீடு. உங்க வீட்டு விளம்பரம் எழுதினது நான்தான். அந்தச் சரிவு, கம்பியெல்லாம் எடுக்காதீங்க சார்."

டாக்டர் நிமிர்ந்தார். எழுபதை நெருங்கிய மனிதர். கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"நீங்கதானேம்மா எடுக்கச் சொன்னீங்க?"

"தப்பாச் சொல்லிட்டேன் சார். எங்க அண்ணன் வீல்சேர்ல இருக்கார். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள வீடு இல்லன்னா அவரைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

"கொத்தனார் காலைல பதினொண்ணுக்கே வந்திருப்பாரேம்மா."

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றரை.

"போன் போடுங்க சார்!"

"இடிக்கிற சத்தத்துல அவருக்குக் கேக்காது. நான் இவர் வாயை இப்படியே விட்டுட்டு வர முடியாது. ரெண்டு மணி நேரம் குடுங்க."

நாற்காலியில் இருந்தவர் திறந்த வாயோடு ஏதோ சொன்னார். "போங்க, நான் இருக்கேன்" என்றாரோ, "எனக்கு வலிக்குது" என்றாரோ, யாருக்குத் தெரியும்? சின்னவள் அதற்குள் தெருவுக்கு வந்துவிட்டாள். அண்ணி எடுக்கமாட்டாள் என்று தெரியும். அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, வேன் எங்க இருக்கு?"

"ஆஸ்பத்திரி வாசல்ல. உள்ள போக உங்க அண்ணிக்கு மனசு வரல. ரெண்டு மணி நேரமா சும்மா நிக்கிறோம், வேன்காரர் எங்களுக்கு டீ வாங்கிக் குடுத்தார். அவ்வளவு பரிதாபமா இருக்கோம்."

"அண்ணா, ஒரு அட்ரஸ் சொல்றேன். திட்டறதை அங்க வந்து திட்டுங்க. வேனைத் திருப்பச் சொல்லுங்க."

அவள் போய்ச் சேர்ந்தபோது கொத்தனார் சரிவுப் பாதையின் மேல் பாதியை உடைத்து முடித்திருந்தார். தெருவிலிருந்து எழும்பும் சரிவு நடுவழியில் நின்றது. அதற்கு மேல் வாசல் வரைக்கும் செங்கல் துண்டும் சிமெண்ட் கட்டிகளும். குளியலறையில் மூன்று கம்பிகளில் இரண்டைக் கழற்றிக் கூடத்தில் வைத்திருந்தார். கொத்தனார் சுத்தியலை ஓங்கினார். சின்னவள் ஓடிப்போய் மிச்சமிருந்த பாதியின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எழுந்திரும்மா."

"மாட்டேன். இடிக்கணும்னா என் மேல இடிங்க."

"இந்தச் சினிமா வசனமெல்லாம் வேணாம் தாயி. எனக்கு அஞ்சு மணிக்கு வேற சைட்டுக்குப் போகணும்."

"டாக்டர் வந்து சொல்லட்டும்."

"அவர் சொல்லித்தானே இடிக்கிறேன்!"

"மறுபடி சொல்லட்டும்."

கொத்தனார் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுத் தூக்குவாளியைத் திறந்தார். "உக்காரு. நானும் சாப்பிடறேன். வெயில் யாரை முதல்ல எழுப்புதுன்னு பாப்போம்."

வேன் வந்தபோது அவள் அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள். தையல்காரி இறங்கினாள். நாத்தனாரைப் பார்க்கவில்லை. உடைந்த சரிவைப் பார்த்தாள். கற்களைத் தாண்டி உள்ளே போனாள். கழுத்திலிருந்த நாடாவை எடுத்துக் குளியலறைக் கதவில் வைத்தாள்.

முப்பத்து நான்கு.

வெளியே வந்தாள். கொத்தனாரிடம் கேட்டாள்: "காலைல எத்தனை மணிக்கு ஆரம்பிச்சீங்க?"

"பதினொண்ணரை இருக்கும்."

ஒன்பது மணிக்கு அவர்கள் வேறொரு வீட்டில் இரண்டு அங்குலத்துக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். அப்போது இந்தச் சரிவு முழுசாக இருந்திருக்கிறது. தையல்காரி சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். அழுகை வரவில்லை. அழக்கூட ஒரு தெம்பு வேண்டும் அல்லவா.

"அண்ணி..." என்றாள் சின்னவள்.

"எங்கிட்ட பேசாதே."

டாக்டர் மூன்றே முக்காலுக்கு வந்தார். நாற்காலியில் இருந்த வயர்மேனைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். சின்னவள் எழுந்து எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டார்.

"உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லம்மா," என்றார் கடைசியில். "ஆனா குடுக்க முடியாது. என் மனைவி போனப்புறம் நான் மேல்வீட்டுக்கு மாறிட்டேன். ஆறு வருஷம் கீழ அந்தச் சக்கரச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தவன். அது நின்னு நாலு மாசம் ஆச்சு. சத்தம் இல்லாம இருக்க இப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமாப் பழகறேன். மறுபடி கீழ அதே சத்தம் கேட்டா... அவதான்னு நினைச்சு இறங்கி வந்துடுவேன்மா நான். என்னால முடியாது."

  அவர் கல்நெஞ்சக்காரராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

வயர்மேன்தான் பேசினார்.

"புரியுது சார். வீடு வேணாம். உள்ள போய் முகம் மட்டும் கழுவிக்கலாமா? இங்க ஒரே சிமெண்ட் தூசி."

டாக்டர் தலையசைத்தார். கொத்தனாரும் வேன்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, உடைந்த பகுதியைத் தாண்டி நாற்காலியைத் தூக்கி வாசலுக்குள் வைத்தார்கள். அங்கிருந்து அவரே தள்ளிக்கொண்டு போனார். குளியலறை வாசலில் தையல்காரி பின்னாலேயே போகப் பார்த்தாள்.

"நீ இரு."

நாற்காலி இடிக்காமல் உள்ளே போனது. உள்ளேயே ஒரு முழு வட்டம் திரும்பியது. அப்புறம் கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ் விழுந்தது. உட்கார்ந்திருப்பவர் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்த தாழ் அது.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நின்றது. கதவு திறக்கவில்லை. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம்.

"என்னங்க?" தையல்காரி கதவைத் தட்டினாள். "என்னங்க, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"என்ன பண்றீங்க உள்ள?"

"ஒண்ணும் பண்ணல. தனியா இருக்கேன்."

தையல்காரி தட்டிய கையை இறக்கினாள்.

"எட்டு மாசமாச்சு, கதவைச் சாத்திக்கிட்டு. திரைக்குப் பின்னால யாரோ ஒருத்தர் துடைச்சு விட்டு, யாரோ ஒருத்தர் திருப்பிப் போட்டு... இன்னும் கொஞ்ச நேரம் இருந்துக்கறேன். அப்புறம் எங்க வேணாலும் கூட்டிட்டுப் போகச் சொல்லு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அதற்கப்புறம் உள்ளேயிருந்து வந்த சத்தத்தை நான் சொல்லப்போவதில்லை. ஒரு ஆண்பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டதே அதற்காகத்தான். தையல்காரி கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். சின்னவள் கூடத்து மூலையில், கழற்றிப் போட்ட இரண்டு கம்பிகளின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் மாடிப்படியின் முதல் படியில் ஒரு காலை வைத்தவர், ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

நாலு ஐம்பதுக்குத் தையல்காரியின் போன் அடித்தது. வார்டு சிஸ்டர்.

"என்னம்மா, இன்னும் வரல நீங்க? லிஸ்ட்டை நான் அஞ்சு மணிக்கு அனுப்பணும். அட்ரஸ் இருக்கா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

சாத்தியிருந்த குளியலறைக் கதவைத் தையல்காரி பார்த்தாள். தன் வாழ்நாளில் ஒரு அங்குலம் துணியில்கூடப் பொய் சொல்லாதவள் அவள்.

"இருக்கு," என்றாள்.

"சொல்லுங்க, எழுதிக்கறேன்."

தெருவின் பெயரைச் சொன்னாள்.  டாக்டர் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் அவர் கண்ணைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"கதவு நம்பர்?"

"பதினாலு."

"பதினாலா? சரியா சொல்லுங்கம்மா. காலைல ஒன்பது மணிக்கு எங்க ஆள் டேப்போட வருவார். வீடு மாறிப் போய் நின்னா, அதோட முடிஞ்சுது."

கூடத்தில் யாரும் அசையவில்லை. கொத்தனார்கூடக் கையிலிருந்த கரண்டியைத் துடைப்பதை நிறுத்தினார்.

மாடிப்படிப் பக்கமிருந்து டாக்டரின் குரல் வந்தது. உரக்க இல்லை. பல்லைப் பிடுங்குவதற்கு முன் சொல்வது போல, மெதுவாக.

"பதினாலுன்னா மேல, என் வீட்டுக்கு வந்து நிப்பார். கீழ்வீடு பதினாலு பை ஒண்ணு."

அவ்வளவுதான் சொன்னார். சரி என்று சொல்லவில்லை, தருகிறேன் என்றும் சொல்லவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிப் போனார். மேலே ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"பதினாலு பை ஒண்ணு," என்றாள் தையல்காரி போனில்.

காலை ஒன்பது மணிக்கு அளக்கிற ஆள் வருவார். சரிவு பாதி வழியில் நிற்கிறது. கொத்தனார் சாமான்களைச் சாக்கில் போட்டுக்கொண்டு, யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல், மணியைப் பார்த்துவிட்டு வேறு சைட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். நாத்தனாரும் அண்ணியும் உடைந்த கற்களுக்கு இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியுமாக நிற்கிறார்கள். மேலே போன மனிதர் விடிந்ததும் என்ன மனசோடு இறங்கி வருவார் என்பது அவருக்கே தெரியுமோ என்னவோ.

அதை அடுத்த வாரம் சொல்கிறேன். போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டு வாசலில் நடந்து வருபவர்களும் வரட்டும், உருண்டு வருபவர்களும் வரட்டும். யாரும் தெருவிலேயே நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகாத வீடாக உங்கள் வீடு இருக்கட்டும். உங்கள் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும், வேண்டும்போது தன் கையால் சாத்திக்கொள்ளவும் தன் கையால் திறந்துகொள்ளவும் ஒரு கதவு என்றைக்கும் இருக்கட்டும்.